எதிரே வருகிறவருக்கு மூன்று வருஷம்

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கார் ஓரங்கட்டுவதற்குள் முன்பக்கப் பலகையை ஒரு நோட்டம் விட்டு, உள்ளே இருக்கும் குடும்பத்தின் வரவு செலவைக் கணித்துவிடுவார்கள். கேஎல் 25 என்றால் புனலூர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், அவர்களிடம் போய் நேந்திரங்காய் சிப்ஸைக் கூவித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டிஎன் 58, 59 என்றால் மதுரை. மங்குஸ்தான் கிலோ கணக்கில் போகும். சென்னை நம்பர் என்றால் எல்லாமே போகும். டிஎன் 76 என்றால் தென்காசி, அதாவது நாங்கள். கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். உள்ளூர்க்காரன் துண்டு, சோப்பு, நல்லெண்ணெய், புளியோதரை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து, அருவியை மட்டும் இங்கே பயன்படுத்திவிட்டுப் போகிறவன்.

அப்படிப்பட்ட ஊருக்குள் எங்கள் புதுக் கார் நுழைந்தது. பலகை மஞ்சள், எழுத்து சிவப்பு. முதலில் ‘டி’ என்று ஓர் எழுத்து, அதை ஒட்டி மாதமும் வருஷமுமாக நாலு இலக்கம், பிறகு ‘கேஎல்’, அதற்குப் பிறகும் நாலு எண், வாலில் இன்னும் எழுத்து. சிப்ஸ் கடைக்காரர் வாசித்து முடிப்பதற்குள் நாங்கள் கடையைத் தாண்டிவிட்டோம். என்ன விலை சொல்வதென்றே அவருக்குப் பிடிபடவில்லை.

இத்தனைக்கும் காரணம் நிறம். என் மனைவிக்குப் பிடித்த நீலம் இந்தப் பக்கத்து ஷோரூம்களில் இல்லை. வெள்ளை இருந்தது, சாம்பல் இருந்தது. நீலத்துக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் காத்திருப்பது என் இலாகா, அவளுடையது இல்லை. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், “இங்க ஒண்ணு நிக்கி சித்தப்பா” என்று போட்டோ அனுப்பினான். வண்டி கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில், நடுவே மலை. வெளி மாநிலத்தில் வாங்கிச் சொந்த ஊரில் பதிய வேண்டுமானால், வழியில் ஓட்டி வருவதற்குத் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிறவர்கள் முதல் ஷோரூம்காரர்கள் வரை அதை ‘டிஆர்’ என்பார்கள்.

துணைக்குச் செங்கோட்டை மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்து படிக்க ஆரம்பிப்பார். “வில்லங்கம் எல்லாம் பொடி எழுத்துலதாம்ல இருக்கும்” என்பது அவர் கொள்கை. வேறு மாநிலத்தில் வாங்குவதா என்று நான் இழுத்தபோது அவர்தான் துணிச்சல் கொடுத்தார்.

“இதுக்குப் போயி மலைக்கியே மருமவனே. நான் பொறந்தப்ப செங்கோட்டையே திருவிதாங்கூர்லதான இருந்துச்சு? 1956 நவம்பர் ஒண்ணாந் தேதி எங்க எல்லாரையும் ஒரே ராத்திரில இந்தப் பக்கம் மாத்திப் பதிஞ்சிட்டானுவ. ஊரையே மாத்திப் பதியலாம், காரை மாத்திப் பதியக் கூடாதா?”

ஷோரூமில் எங்களுக்கு வாய்த்த பெண் தமிழும் மலையாளமும் சமமாகக் கலந்து பேசினார். வரிசை இதுதான் என்றார்: முதலில் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் இருந்தால்தான் டிஆர், டிஆர் வந்தால்தான் சாவி. காருக்குப் பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. அது எங்களுடையதுதான். ஆனால் தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரிப்பன் கட்டிய நீலம் நின்றது. இந்தப் பக்கம் மாமா இன்சூரன்ஸ் தாளைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆடி மாசப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர் மாதிரி சாவகாசமாக விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார்.

நம்முடைய வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு வருஷம். மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கு மூன்று வருஷம். 10,640 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்கள் கார் 1,197 சிசி. 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை உள்ள காருக்கு மூன்று வருஷத்துக்கு அரசு வைத்த கட்டணம் அது. கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. மாமாவின் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

“ஏம்மா, வண்டி இவனுது. துட்டும் இவனுது. இவன் வண்டிக்கு ஒரு வருசம். எதுக்க வாரவனுக்கு மூணு வருசமா? அவன் யாருன்னே எங்களுக்குத் தெரியாதே!”

“அது கோர்ட் ஆர்டராணு சார்” என்றார் அந்தப் பெண்.

கோர்ட் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு, முதுகுத்தண்டு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. முதல் வருஷம் எல்லாரும் இன்சூரன்ஸ் கட்டிவிடுகிறார்கள். கட்டாவிட்டால் சாவி கைக்கு வராது. இரண்டாம் வருஷம், அதிலும் இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்களில் பலர், கட்டுவதே இல்லை. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான். இடித்த வண்டிக்குக் காப்பீடு இருக்காது. ஆகவே புது வண்டி வாங்கும்போதே காருக்கு மூன்று வருஷமும் இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷமும் மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

மாமா யோசித்தார். “கேஸ் போட்டது தமிழ்நாட்டு டாக்டரு. கமிட்டித் தலைவரு மலையாளி. அப்ப ரெண்டு ஸ்டேட்டும் சேந்துதாம்ல உன்னப் புடிச்சிருக்கு.”

அடுத்த வரியில் அவர் முகம் மலர்ந்தது. உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்சம். “இந்தா, உனக்குன்னும் ஒண்ணு போட்டுருக்கான் பாரு. இது எப்பம்மா இவன் கைக்கு வரும்?”

அந்தப் பெண் சங்கடப்பட்டார். “சார்... சார் மரிச்சா...” என்று ஆரம்பித்து, கை கால் போனாலும் விகிதப்படி உண்டு என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப நாமினி பேரு நாந்தான போடணும்?” என்று என் மனைவி கேட்டாள். அதுவரை சீட் கவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாதவள். ஆக, அந்த 15 லட்சமும் எனக்கு இல்லை.

பிறகு துணைக் காப்பீடுகளின் பட்டியல் வந்தது. தேய்மானம் கழிக்காமல் தருவதற்கு ஒரு தொகை. இதைத்தான் ஊரெல்லாம் ‘பம்பர் டு பம்பர்’ என்கிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஒரு தொகை, சாவி தொலைந்தால் ஒரு தொகை, வழியில் நின்றுபோனால் வந்து இழுத்துப் போக ஒரு தொகை. மாமாவுக்கு பம்பர் டு பம்பர் பற்றிச் செய்தித்தாளில் படித்த ஞாபகம் இருந்தது. “அதக் கட்டாயம்னு ஐகோர்ட்டே சொல்லிருச்சுல்லா?” என்றார். சொன்னது உண்மை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிக்கு ஐந்து வருஷம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று உத்தரவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிகளே திணறிப்போய் நடைமுறைக்கு ஒத்துவராது என்றதில், செப்டம்பரில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. “கோர்ட்டே வேண்டாம்னுட்டுன்னா நாம ஏன் கட்டணும்?” என்றார் மாமா. என் மனைவி அவரைப் பார்க்காமல், “நீலம் கீறிச்சின்னா பளிச்சினு தெரியும்” என்றாள். கட்டினோம்.

“தண்ணி போனா உண்டு, சாவி போனா உண்டு. குரங்கு?” என்றார் மாமா.

“குரங்கோ?”

குற்றாலத்துக் குரங்கு திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குப் புரிய நியாயமில்லை. அது பழத்தைப் பறிப்பதோடு போகாது. காரின் பானெட்டில் உட்கார்ந்து வைப்பர் ரப்பரைப் பல்லால் இழுத்துப் பார்க்கும். பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டால் சண்டைக்குப் போகும். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து தற்செயலாக நேரும் சேதமென்றால் கிளைம் கேட்கலாம் என்றார் அவர். ஆனால் எந்தக் கிளைமிலும் முதல் ஆயிரம் ரூபாய் நம்முடைய பொறுப்பு. 1,500 சிசி வரை அதுதான் கணக்கு. தவிர, ஒரு வருஷம் கிளைம் கேட்காமலிருந்தால் அடுத்த வருஷத்துச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருஷம் வாயைத் திறக்காமலிருந்தால் 50 சதவீதம்.

மாமா தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். வைப்பர் ஆயிரத்துக்குள் வரும். கேட்டால் ஒரு பைசா தேறாது, தள்ளுபடியும் போகும். “குரங்கு எதப் பிச்சாலும் பேசாம இருந்துக்கோ” என்று தீர்ப்புச் சொன்னார்.

டிஆர் வந்தது. மஞ்சள் பலகையைப் பார்த்ததும் நான், “டாக்சி நம்பரா ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்டேன். இல்லையாம். மஞ்சளில் கறுப்பு எழுத்தென்றால் வாடகை வண்டி. மஞ்சளில் சிவப்பென்றால் தற்காலிகப் பதிவு. சிவப்பில் வெள்ளை என்றால் ஷோரூம்காரர்கள் விற்பதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் வண்டி. பச்சையில் வெள்ளை சொந்த மின்சார வண்டி, பச்சையில் மஞ்சள் வாடகை மின்சார வண்டி, கறுப்பில் மஞ்சள் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் வண்டி, நீலத்தில் வெள்ளை வெளிநாட்டுத் தூதரகம். எங்கள் வீட்டில் நவராத்திரிக்குப் புடவை நிறம் தேர்ந்தெடுக்க இவ்வளவு விதி இல்லை.

முன்பெல்லாம் டிஆருக்கு ஒரு மாதம்தான் கெடு. இப்போது ஆறு மாதம். அதைக் கேட்டு மாமா, “ஆறு மாசம் இருக்கா? சோலி முடிஞ்சுது. கடைசி வாரம் பாத்துக்கிடலாம்” என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் அப்படித்தான் வேலை பார்த்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை என்று வண்டி மலையேறியது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வந்தபோது மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, 1904-ல் ரயில் விட்ட கதையைச் சொன்னார். ஆரியங்காவு தாண்டி புளியரைப் பக்கம் இறங்கும்போதுதான் எனக்கு வியர்த்தது. பாறையும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற டிப்பர் லாரிகள், கொண்டை ஊசி வளைவில் ரோட்டின் முக்கால் பாகத்தை எடுத்துக்கொண்டு எதிரே ஏறி வந்தன. புது வண்டி, சீட்டின் பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. நான் ஓரத்தில் ஒதுங்கி மலைச்சுவரை முத்தமிடும் தூரத்தில் நின்றேன்.

“அவனுக்காவத்தான் மூணு வருசத்துக்குத் துட்டு கட்டிருக்கோம். அத அவன்ட்ட சொல்லேன், கொஞ்சம் மரியாதையா வருவாம்லா” என்றார் மாமா பின்சீட்டிலிருந்து.

இலஞ்சி குமாரர் கோயிலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அர்ச்சகர் எங்கள் எல்லாருடைய பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கற்பூரம் காட்டிவிட்டுப் பலகையைப் பார்த்து, “இது டெம்பரவரியா? சரி, நம்பர் வந்ததும் ஒரு நடை கொண்டு வந்திருங்கோ” என்றார். முருகனிடமும் எங்கள் வண்டி தற்காலிகமாகத்தான் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். பேரருவியில் குளித்துவிட்டு மாமா தலை துவட்டிக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். பின்கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன. அந்தப் பக்கம் ஒரு அம்மாள், மடியில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பாட்டி, இந்தப் பக்கம் ஒருவர். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் பாதியை மட்டும் கழுவிவிட்டு வந்திருந்தார். பாலித்தீன் உறை ஈரத்தில் சர்ரென்று சத்தம் போட்டது.

“பழைய குத்தாலம் போவணும். எம்புட்டு?”

மழையில் மஞ்சள் தெரிந்திருக்கிறது, எழுத்தின் சிவப்பு தெரியவில்லை. நான் விளக்க வாயெடுப்பதற்குள் மாமா வந்துவிட்டார். இரக்க குணம் உள்ளவர், அத்தோடு பாலிசியை மனப்பாடம் செய்தவர்.

“அண்ணாச்சி, துட்டு வாங்கக் கூடாது. இது சொந்த வண்டி. வாடகைக்கு ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாது, பொடி எழுத்துல போட்டுருக்கான். நீங்க சும்மா வாங்க. கொண்டு விட்டுருதோம்.”

“சும்மாவா?”

“ஒரு பைசா வேண்டாம்.”

பின்சீட்டில் நிசப்தம். அந்த மனிதர் மாமாவைப் பார்த்தார். இடுப்பில் துண்டு மட்டும் கட்டியிருந்த மாமா சிரித்தார். பிறகு அந்த மனிதர் என்னைப் பார்த்தார், யாரும் படித்துச் சொல்ல முடியாத அந்த நம்பரை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. “ஏட்டி, பிள்ளையத் தூக்கு. இறங்கு” என்றார் மெல்ல. ஐம்பது ரூபாய் கூடக் கேட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பார்கள். இலவசம் என்றதும் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். சீட்டில் எண்ணெய்க் கறை மட்டும் நின்றது. “கிளைம் உண்டா?” என்று மனைவி கேட்டாள். “ஆயிரத்துக்குள்ள” என்றார் மாமா.

ஆறு மாதக் கெடுவை மறந்துவிட்டு மறுநாளே பதிவுக்குக் கிளம்பினோம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பம், படிவம் 20, விற்பனைச் சான்றான 21, வண்டி சாலைக்குத் தகுதி என்று தயாரிப்பாளர் தரும் 22, டிஆர் நகல், இன்சூரன்ஸ், முகவரிச் சான்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அந்தத் தொகையைக் கட்டிய பிறகு நான் சற்று நேரம் யாரிடமும் பேசவில்லை. ஆகவே அதைப் பற்றி இங்கேயும் பேசவில்லை.

சேஸ் நம்பர் எடுக்கும் வித்தையை மட்டும் சொல்லியாக வேண்டும். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தரைக் கம்பளத்தில் இருக்கும் மடிப்பைத் தூக்கினால் இரும்பில் 17 எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதற்கென்றே இருந்த ஒரு பையன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தான். பென்சில் முனையைப் பக்கவாட்டில் சாய்த்து, எண்கள் மேல் மெல்லத் தேய்த்தான். செலோ டேப்பை இழுத்து ஒட்டி, கட்டைவிரலால் ஒரு நீவு நீவி உரித்தான். டேப்பில் பதினேழும் பளிச்சென்று வந்தன. அதை அப்படியே படிவத்தில் ஒட்டினான். வரிசையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் காலத்தில், கார் தன் கைநாட்டை வைப்பது இன்னமும் பென்சிலால்தான். எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து, படிவத்தையும் இரும்பையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிரேக்கைத் தொடவில்லை.

நம்பர் ஒதுக்கீடு வருவதற்குள் தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. எட்டு வரக் கூடாது என்பதில் மட்டும் சாதி மத பேதமின்றி ஒற்றுமை இருந்தது. டிஎன் 76-க்குப் பிறகு என்ன எழுத்து வரும் என்று எதிர்வீட்டுப் பையன் கேட்க, ‘ஜி’ வந்தால் சர்க்கார் வண்டி, ‘என்’ வந்தால் அரசுப் பேருந்து, அதெல்லாம் நமக்கு வராது என்று மாமா விளக்கினார். செல்போனில் எஸ்எம்எஸ் வந்தது. என் மனைவி நாலு இலக்கத்தையும் கூட்டினாள். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

வீடு இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். ஆனால் மாமா கணக்கெழுதியவர். நஷ்டத்தை லாபமாகக் காட்டிப் பழகியவர். “ஏன் பாதியில நிறுத்துதே? டிஎன் 76-ன்னு இருக்குல்லா? ஏழும் ஆறும் பதிமூணு. பதினேழும் பதிமூணும் முப்பது. மூணு. குரு! சனியா இருந்ததக் குருவா மாத்தியாச்சு” என்றார். தென்காசிக்கு 76 ஒதுக்கியவர்களை அன்று எங்கள் வீட்டில் வாழ்த்தினார்கள்.

எண் வந்தாலும் பலகை வரவில்லை. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு செய்த வண்டிக்கு உயர் பாதுகாப்புப் பலகையை விற்றவர்களே மாட்டித் தர வேண்டும். விற்றவர்கள் மலைக்கு அந்தப் பக்கம். போன் செய்தால் “வந்நிட்டில்ல சாரே” என்பார்கள், தேன் மாதிரி குரலில். ஒரு வழியாக வந்து சேர்ந்தது: வெள்ளை அலுமினியம், இடது மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழே நீலத்தில் ‘ஐஎன்டி’, மூலையில் லேசரால் பொறித்த ரகசிய எண். ஆணி இல்லை, ஒருமுறை அடித்தால் உடைத்துத்தான் கழற்ற முடியும் என்கிற பூட்டு. டக் டக் என்று அடித்து முடித்து, முன்கண்ணாடியில் பெட்ரோலுக்கான வெளிர்நீல ஸ்டிக்கரையும் ஒட்டினார்கள். எல்லாரும் முன்னால் நின்று பார்த்தார்கள். நான் ஸ்டீயரிங்கில் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் தோன்றியது: இவ்வளவு செலவிலும் எனக்கென்று ஒன்றுமே இல்லை. இந்தப் பலகையே இடித்துவிட்டு ஓடுகிறவனை அடையாளம் காட்டத்தான் பிறந்தது. 1893-ல் பாரிஸ் போலீஸ் கேட்டது, 1904 ஜனவரியிலிருந்து இங்கிலாந்து கேட்டது, பிறகு நாம் கேட்டோம். அதைப் படிக்கிறவன் எதிரே வருகிறவன். இன்சூரன்ஸ் எதிரே வருகிறவனுக்கு. 15 லட்சம் மனைவிக்கு. நீலம் மனைவிக்கு. கூட்டுத்தொகை தெருவுக்கு. என் பெயரில் இருப்பது ஆர்சி ஒன்றுதான், அதையும் மாமா தன் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

சொன்னபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “முதல் பார்ட்டி நீ, ரெண்டாவது கம்பெனி. மத்த ஊரு உலகம் பூரா மூணாவது. நீ காரை விட்டு இறங்கி ரோட்டுல நடந்தா, மத்தவம் பாலிசில நீயும் மூணாவதுதான். ஓராளு கட்டுதான், ஊரே நடக்குது. பொருளுக்குச் சேதம்னா ஏழரை லட்சம் வரைக்கும்தான். ஆனா உசுருன்னா வரம்பே கெடையாது, கோர்ட்டு எவ்வளவு சொல்லுதோ அவ்வளவு. பொடி எழுத்துல போட்டுருக்கான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகத்தில் ஏதோ ஒளி. “அப்ப நானும் மூணாவதுதான?”

“ஆமா மாமா. கீழ இறங்கினா.”

அன்று சாயங்காலம் சுவாமி சன்னதித் தெருவில் அவரை இறக்கிவிட்டேன். காசி விசுவநாதரைக் கும்பிடப் போகிறவர், வழக்கமாக ஓரமாக, இரண்டு பக்கமும் பார்த்து, ஆட்டோவுக்கெல்லாம் ஒதுங்கி நடப்பார். அன்றைக்கு என் காருக்கு முன்னால் நேரே நடுரோட்டில் நடந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. நான் ஹாரன் அடித்தேன். திரும்பினார்.

“என்னல அவசரம்? மூணு வருசத்துக்குக் கட்டிருக்குல்லா. மெள்ள வா.”